ஒரே பேரு... ரெண்டு சிப்பு!

உங்கள் ஆபீஸில் எத்தனை முருகேசன் இருக்கிறார்கள்? குறைந்தது இரண்டு பேராவது தேறுவார்கள். ஒருத்தர் கே.முருகேசன், இன்னொருத்தர் எஸ்.முருகேசன். கே-க்கு வரவேண்டிய மெமோ எஸ் மேஜைக்குப் போய், எஸ் ரெண்டு நாள் தூக்கமில்லாமல் தவித்த கதையெல்லாம் எல்லா ஆபீஸிலும் உண்டு. இன்ஷியல் பார்க்காத வினை!

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கும் இன்ஷியல் உண்டு சார். நாம் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம். அதே பெயரில் உள்ளே வேறு ஆசாமி உட்கார்ந்திருக்கலாம். இதற்கு 'ஸ்டெப்பிங்' என்று பெயர். பரீட்சை கைடில் 'திருத்திய பதிப்பு' என்று போடுகிறார்களே, அந்த ஜாதி. முதல் பதிப்பு பெரும்பாலும் ஏ0. சின்னத் திருத்தம் என்றால் எண் மாறும். அஸ்திவாரத்தையே தொட்டால் எழுத்து மாறி பி0, சி0 என்று போகும். பெட்டி மேல் இருக்கும் பெயர் மட்டும் மாறவே மாறாது.

"அதனால எனக்கென்ன?" என்கிறீர்களா? 1994-ல் இன்டெல் கம்பெனியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டது.

1993-ல் பென்டியம் வந்தது. வகுத்தல் கணக்குப் போட அதற்குள்ளே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அதில் சில இடம் காலியாக விட்டுப் போச்சு! தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணித வாத்தியார் 1994-ல் கண்டுபிடித்தார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்து, வந்த விடையைத் திரும்ப அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யம் வரணும் இல்லையா? பழுதான பென்டியத்தில் 256 வந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டிரையல் பாலன்ஸில் 256 உதைத்தாலே ஆடிட்டர் வீட்டுக்கு விடமாட்டார்.

சாதாரண ஆசாமிக்கு இந்தத் தப்பு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்றது இன்டெல். இல்லை, 24 நாளைக்கு ஒரு தடவை வரலாம் என்று சொல்லி, அந்தச் சிப் போட்ட கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்தியது ஐ.பி.எம். கடைசியில் 1994 டிசம்பர் 20-ம் தேதி, கேட்ட எல்லாருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர். மாற்றிக் கொடுத்ததும் அதே பென்டியம்தான், ஆனால் வாய்ப்பாடு சரியான ஸ்டெப்பிங். அங்கே இன்ஷியல்தான் எல்லாமே.

இதைக் கேட்டதும் 'எப்பவுமே புது ஸ்டெப்பிங்தான் வாங்கணும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்குத்தான் ஜெகதாப்பட்டினம் வரை உங்களைக் கூட்டிப் போகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர். விசைப்படகுகள் நிறைய. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், ஊரில் காசுப் புழக்கம் சுருங்கிவிடும். அங்கே எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதுவும் சரியாகத் தடைக்காலத்தில். போன் போட்டார்.

"அண்ணே, ஐ5 12400 வாங்கலாம்னு வந்தேன். கடைக்காரர் ரெண்டு காட்டுறாரு. ஒண்ணு சி ஸீரோவாம், ஒண்ணு ஹெச் ஸீரோவாம். ஹெச் ஸீரோதான் ஒரிஜினல், ஆயிரத்து ஐநூறு கூடப் போடுங்கங்குறாரு."

எந்தக் கடை என்று கேட்காதீர்கள். ஆனால் விஷயம் நிஜம். 2022 ஜனவரியில் வந்த இந்தச் சிப்பில் ரெண்டு வகை உண்டு. பெரிய கோர் எட்டு, சின்ன கோர் எட்டு என்று செய்த பெரிய சிப்பில், பெரிசில் ரெண்டையும் சின்னது எட்டையும் அணைத்துவிட்டு, மிச்சம் ஆறோடு விற்பது சி0. பிறவியிலேயே ஆறு கோர் மட்டும் உள்ளது ஹெச்0. ரெண்டுக்கும் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 18 எம்.பி. உத்தரவாதமும் ஒன்றுதான்.

"தம்பி, ஆறு துண்டு மீன் வேணும். பெரிய மீன்ல ஆறு துண்டு வெட்டிக் குடுத்தா என்ன, ஆறே துண்டு தேறுற சின்ன மீனைக் குடுத்தா என்ன?"

"என்னண்ணே இப்புடிச் சொல்லிட்டீங்க! பெரிய மீனு ருசியே வேற."

மீன்பிடிக்கிற ஊர்க்காரரிடம் மீன் உவமை சொன்னால் இப்படித்தான். சிலிக்கானில் ருசி கிடையாது என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. அப்ளிகேஷன் நிரப்ப, போட்டோ பிரிண்ட் போட, டேலி ஓட்ட எது இருந்தாலும் வித்தியாசமே தெரியாது. கூடக் கேட்ட ஆயிரத்து ஐநூறுக்கு யூ.பி.எஸ். பாட்டரியோ நல்ல ஃபேனோ வாங்கலாம். உப்புக்காற்று அடிக்கிற கடலோரத்தில் சிப்பின் பூர்வீகத்தை விட அது முக்கியம்.

ஆனால், வெயில் ஊர்க்காரர்களுக்கு ஸ்டெப்பிங் நிஜமாகவே உதவிய காலமும் உண்டு. 2007-ல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600 ஞாபகமிருக்கிறதா? முதலில் பி3, அதே வருஷம் ஜி0. ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். பி3-க்கு வெப்பக் கணக்கு 105 வாட், ஜி0-வுக்கு 95. கரன்ட் பில்லில் பெரிய லாபம் இல்லை. தினம் பத்து மணி நேரம் முழு மூச்சில் ஓட்டினாலும், பத்து வாட் மிச்சத்தில் ஒரு யூனிட் சேரப் பத்து நாள் ஆகும். சமாசாரம் வேறே. பி3-யின் மூடி 62.2 டிகிரி வரைதான் தாங்கும் என்று போட்டிருந்தார்கள். ஜி0 71 டிகிரி வரை. ஏ.சி. இல்லாத அறையில், சித்திரை வெயிலில், அந்த ஒன்பது டிகிரி பெரிய விஷயம். (இன்றைக்கு யாராவது அதை விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது.)

ஏ.எம்.டி. செய்தது இன்னும் வேடிக்கை. 2017-ல் வந்த ரைஸன் 5 1600, 14 நானோமீட்டர். 2019 கடைசியில் அதே பெயரிலேயே 12 நானோமீட்டர் சிப்பைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். பெட்டியிலுள்ள நீளமான கோடில் 'ஏஇ' என்றிருந்தால் பழசு, 'ஏஎஃப்' என்றிருந்தால் புதுசு. ஒரே ஒரு எழுத்து! புதுசு கொஞ்சம் வேகம், விலையும் மலிவு. எழுத்தைப் பார்த்தவர்களுக்கு யோகம்.

எங்கே பார்ப்பது? இன்டெல் என்றால் சிப்பின் உலோக மூடியிலும் பெட்டி லேபிளிலும் 'எஸ்' என்று ஆரம்பிக்கும் ஐந்தெழுத்து மந்திரம் இருக்கும். க்யூ6600-ல் எஸ்எல்9யூஎம் என்றால் பி3, எஸ்எல்ஏசிஆர் என்றால் ஜி0. கம்ப்யூட்டரில் மாட்டியாகிவிட்டதா? சிபியூ-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு 'ரிவிஷன்' என்ற இடத்தைப் பாருங்கள்.

செகண்ட் ஹாண்டில் 13, 14-வது தலைமுறை ஐ7, ஐ9 தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றில் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் உள்ளுக்குள் தேய்ந்து, கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோனது. 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் மூலமாக இன்டெல் திருத்தம் கொடுத்தது. உத்தரவாதத்தையும் ரெண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் சரிப்படுத்தாது. சிப் தேய்ந்திருக்கிறதா என்பதை எந்த ஐந்தெழுத்தும் காட்டிக்கொடுக்காது. அங்கே கேட்க வேண்டியது முதலில் வாங்கிய பில். 'பில்லெல்லாம் எதுக்கு சார், நம்பி எடுத்துட்டுப் போங்க' என்று சிரிக்கிறாரா? நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.