பாலைவனப் பெருமலர்ச்சி

பாலைவனப் பெருமலர்ச்சி என்பது, மழை வாய்த்த ஆண்டுகளில் பாலை நிலத்தில் ஓராண்டுச் செடிகள் பெருந்திரளாகப் பூப்பதாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டெத் வேலி தேசியப் பூங்கா இதற்குப் புகழ்பெற்றது. அங்கு ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் மட்டுமே.

மழை எவ்வளவு பெய்கிறது என்பதோடு, எப்போது பெய்கிறது என்பதும் முக்கியம். இங்குள்ள பல விதைகளின் உறையில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. இலையுதிர்காலத்தில் நல்ல மழை பெய்து அவற்றைக் கழுவி நீக்கினால்தான் விதை முளைக்கும். சிறு தூறலுக்கே முளைத்தால் நாற்று காய்ந்துவிடும் என்பதால், இத்தடை விதைக்குப் பாதுகாப்பாகும். பின்னர் குளிர்காலத்தில் விட்டுவிட்டு மிதமான மழை வேண்டும். கடும் வறண்ட காற்று வீசக் கூடாது. இவை கூடிவந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூக்கள் தரையைப் போர்த்தும். 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. 2015 அக்டோபரில் பெய்த கனமழையே 2016 மலர்ச்சிக்குத் தொடக்கம்.

நல்ல மழையிலும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பகுதி மண்ணிலேயே காத்திருக்கும். பின்மழை பொய்த்து நாற்றுகள் மடிந்தாலும் இனம் பிழைப்பது இதனால்தான். அந்த விதை இருப்பை நிரப்புபவை பூத்த செடிகளே. எனவே பூவைப் பறிப்பதும் செடியை மிதிப்பதும் வருங்கால மலர்ச்சிக்கான விதையைக் குறைக்கும்.