யாரிடம் போய்க் கேட்பது?

விடுமுறை நாளொன்றில் வீட்டுக்கு உணவு கொண்டுவந்த இளைஞர், என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொன்னார். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போன வாரம் நாலு நாள் ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க சார். ஏன்னு சொல்லல. யார்கிட்ட போய்க் கேக்குறதுன்னே தெரியல" என்றார்.

அவர் கேட்டது புதிய கேள்வி அல்ல. கூலி, வேலை நேரம், பாதுகாப்பு, மரியாதை ஆகியவற்றில் வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் இடையே எழும் சிக்கல்களை யார், எங்கே, எந்த முறையில் பேசித் தீர்ப்பது என்பதைச் சொல்வதே 'தொழில் உறவுகள்'. அது ஆலைகளின் காலத்தோடு முடிந்துபோன பாடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

பெரம்பூர் தந்த பாடம்

சென்னை பெரம்பூரில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. மதிய உணவுக்குப் போதிய நேரம் இல்லை, மேற்பார்வையாளர்கள் கடுமையாக நடத்தினர், முறையிட இடமில்லை. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இரு வணிகர்கள் பி.பி.வாடியாவின் உதவியை நாடினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார், திரு.வி.க.வும் உடன் நின்றார்.

சங்கம் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நிர்வாகம் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. தொழிலாளர்களை ஒன்றுசேர்ப்பதே வழக்குக்கு உரிய செயலாகும் நிலை தெரிந்ததும், சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. மத்திய சட்டமன்றத்தில் என்.எம்.ஜோஷி இதற்காக முயன்றார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1947இன் தொழில் தகராறுகள் சட்டம் சமரச அலுவலர், தீர்ப்பாயம் என்று பேசித் தீர்ப்பதற்கான படிகளை வகுத்தது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

இச்சட்டங்கள் இரண்டும், 1946இன் நிலையாணைகள் சட்டமும் இணைந்து 2020இல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமாயின. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில், இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் கொண்ட குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. குறித்த கால ஒப்பந்த வேலையையும் ஏற்கிறது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. இம்மாற்றங்களை வரவேற்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு.

நம் பழைய மாணவரின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவரைப் போன்றவரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று வரையறுக்கிறது. அவர்களின் நலனுக்காகச் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டிலும் 2023இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைந்தது. நலத்திட்டங்களுக்கு வழி பிறந்திருக்கிறது. ஆனால் ஐடி முடக்கப்பட்டால் எதிரே அமர்ந்து பேச ஓர் ஆள் வேண்டுமே! பெரம்பூர்த் தொழிலாளிக்கு எதிர்த்தரப்பு யார் என்றாவது தெரிந்திருந்தது. இவருக்குத் திரைதான் தெரிகிறது. வேலையின் வடிவம் மாற மாறத் தொழில் உறவுகளின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வகுப்பறையில்…

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதியை நடத்தும்போது ஒரு பாட வேளையை இதற்கு ஒதுக்கலாம். ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பணியாளர்கள் இருக்கை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களைப் பணியாளர், உரிமையாளர், சமரச அலுவலர் என மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரே விதி: எதிர்த்தரப்பு சொன்னதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். முடிவில், 2021இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியதைக் கூறலாம்.

தொடக்க வகுப்புகளில் விளையாட்டிடத் தகராறே போதும். இரு அணியும் ஆளுக்கொரு பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கட்டும். மூன்றாவதாக ஒரு குழந்தை இருவர் சொன்னதையும் கேட்டுச் சொல்லட்டும்.

உயர் வகுப்பில் இரண்டாவது சுற்றும் நடத்தலாம். இம்முறை பணியாளர், செயலிவழி உணவு கொண்டுசெல்பவர். உரிமையாளரின் நாற்காலியைக் காலியாக விட்டுவிடுங்கள். "இப்போது யாரிடம் பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். மாணவர்கள் சொல்லும் பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பள்ளியை விட்டு வெளியேறியதும் அவர்களில் பலர் அந்த நாற்காலியின் எதிரேதான் நிற்கப் போகிறார்கள்.