பாஸ்வேர்ட் சரிதான்... ஆனாலும் ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்குள் போக முடியலையா? சிக்கல் எங்கே, என்ன செய்யணும்?

ஆப்பில் ஒரு கோளாறு. பயன்படுத்துபவர்கள் ஒற்றை ஸ்டார் போட்டுத் தாளிக்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தாச்சு. புதிய பதிப்பை ஆப் ஸ்டோரில் ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டெவலப்பர் கணக்கு திறக்க மாட்டேன் என்கிறது. பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிக்க, கடைசியில் கணக்கே லாக் ஆகிவிடுகிறது.

ஐபோன் ஆப் உருவாக்குபவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இதில் நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் பாஸ்வேர்ட் பிரச்னை என்று நினைப்பதுதான். உண்மையில் இங்கே தாண்ட வேண்டிய கதவுகள் மூன்று. ஒன்று, பாஸ்வேர்ட். இரண்டு, போனுக்கு வரும் கோட். மூன்று, டெவலப்பர் திட்டத்தில் நம் உறுப்பினர் நிலை. எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு கணக்கா, இரண்டு கணக்கா?

ஐபோனில் லாகின் செய்ய வைத்திருக்கும் ஆப்பிள் அக்கவுன்ட் (2024 வரை இதன் பெயர் ஆப்பிள் ஐடி) எல்லோருக்கும் இலவசம். அதே அக்கவுன்ட்டை வைத்து ஆண்டுக்கு 99 டாலர் கட்டிச் சேருவதுதான் ஆப்பிள் டெவலப்பர் புரோகிராம். அதாவது, லாகின் என்பது வேறு, உறுப்பினர் என்பது வேறு. லாகின் சரியாக இருந்தும் உறுப்பினர் காலம் முடிந்திருக்கலாம். உறுப்பினராக இருந்தும் லாகின் முடங்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

கோளாறு நம் பக்கமா, ஆப்பிள் பக்கமா என்பதை முதலில் பாருங்கள். டெவலப்பர் சேவைகள் இயங்குகின்றனவா என்று காட்ட ஆப்பிள் தனியாக ஒரு 'சிஸ்டம் ஸ்டேட்டஸ்' பக்கம் வைத்திருக்கிறது. அதைப் பார்க்க லாகின் தேவையில்லை. 2013 ஜூலையில் யாரோ ஊடுருவ முயன்றதாகச் சொல்லி, டெவலப்பர் தளத்தையே ஒரு வாரத்துக்கும் மேல் ஆப்பிள் மூடி வைத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நாம் பாஸ்வேர்டை மாற்றி ஒரு பயனும் இல்லை.

அங்கே எல்லாம் பச்சையாக இருந்தால், பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் திறந்தால் பழைய குக்கீதான் வில்லன். அதை அழித்தால் போதும்.

பாஸ்வேர்டையே ஏற்கவில்லையா?

இரண்டு, மூன்று முறைக்கு மேல் முயற்சிக்க வேண்டாம். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பாதுகாப்புக்காகக் கணக்கு லாக் ஆகிவிடும். சொந்தக் கணக்கு ஒன்று, ஆபீஸ் கணக்கு ஒன்று என வைத்திருப்பவர்கள், எந்த மின்னஞ்சலில் டெவலப்பர் புரோகிராமில் சேர்ந்தோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டணம் கட்டியபோது வந்த ரசீது மெயில் எந்த இன்பாக்ஸில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் சரியான கணக்கு.

கோட் வரவில்லையா?

அதிகம் பேர் தடுமாறும் கதவு இதுதான். டெவலப்பர் கணக்குகளுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டுக்குப் பிறகு ஆறு இலக்க கோட் கேட்கும்.

அந்த கோட், அதே ஆப்பிள் அக்கவுன்ட்டில் லாகின் ஆகியிருக்கும் கருவிக்குத்தான் வரும். கையில் இருக்கும் ஐபோனில் சொந்தக் கணக்கு இருக்கும். டெவலப்பர் கணக்கோ ஆபீஸ் மெயிலில் இருக்கும். ஐபோனையே பார்த்துக்கொண்டிருந்தால் கோட் எப்படி வரும்? அப்போது, பதிவு செய்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அதே கணக்கில் உள்ள ஐபோன் இருந்தால் காத்திருக்கவே தேவையில்லை. செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, 'சைன்-இன் அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால் கோட்டை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். எஸ்எம்எஸ் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்தினால், அளவுக்கு மேல் கோட் அனுப்பியாச்சு என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடும்.

உள்ளே போயாச்சு, ஆனால் வேலை நடக்கவில்லையா?

அப்படியானால் சிக்கல் மூன்றாவது கதவில். ஆப்பிள் தன் ஒப்பந்தத்தை அவ்வப்போது மாற்றும். புதிய ஒப்பந்தத்தை ஏற்காதவரை பல வேலைகள் நின்றுவிடும். அதை ஏற்கும் உரிமை 'அக்கவுன்ட் ஹோல்டர்' என்ற ஒருவருக்கு மட்டுமே உண்டு. அட்மினாக இருந்தாலும் முடியாது.

ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினாலும் இதே நிலைதான். ஏற்கெனவே ஆப் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் புதிதாக யாரும் டவுன்லோட் செய்ய முடியாது. அப்டேட்டும் ஏற்ற முடியாது.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அப்லோட் நின்றுவிட்டதா?

சில அப்லோட் கருவிகளுக்காக 'ஆப் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட்' என்று தனியாக ஒன்று உருவாக்கி வைத்திருப்பார்கள். முதன்மை பாஸ்வேர்டை மாற்றிய நொடியே அவை எல்லாம் ரத்தாகிவிடும். புதிதாக உருவாக்கிக் கொடுத்தால் சரியாகும். எக்ஸ்கோட் மட்டும் லாகின் கேட்டு அடம்பிடித்தால், அதன் செட்டிங்ஸில் அக்கவுன்ட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

போனும் போச்சு, நம்பரும் போச்சு என்றால்?

கடைசி வழி 'அக்கவுன்ட் ரெக்கவரி'. விண்ணப்பித்த பிறகு சில நாட்கள், சில சமயம் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். ஆப்பிள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாலும் அந்தக் காலத்தைக் குறைக்க மாட்டார்கள். இடையில் வேறு கருவியில் அதே கணக்கைப் பயன்படுத்தினால் விண்ணப்பமே ரத்தாகிவிடும். காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வேலையை விட்டுப் போனவரின் கையில் சாவி

சிறு நிறுவனங்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். ஆரம்பத்தில் யாரோ ஒரு ஊழியர் தன் மெயில், தன் செல் நம்பரைக் கொடுத்துக் கணக்கைத் திறந்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போனதும் கோட் அவர் போனுக்கே போகும். ஒப்பந்தத்தை ஏற்கவும் ஆள் இருக்காது.

நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு என்றால், அக்கவுன்ட் ஹோல்டர் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றலாம். ஆனால் மாற்றித் தர வேண்டியது பொறுப்பில் இருக்கும் அதே நபர். அவர் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட்டால் சில நிமிட வேலை. போன பிறகு என்றால், ஆப்பிளிடம் விளக்கம் சொல்லிக் காத்திருக்க வேண்டும். தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கில் இப்படி மாற்றவே முடியாது.

இன்றே செய்ய வேண்டியவை

* கணக்கில் குறைந்தது இரண்டு நம்பிக்கையான செல் எண்களைச் சேருங்கள்.
* அக்கவுன்ட் ஹோல்டர் யார் என்று பார்த்து எழுதி வையுங்கள்.
* உறுப்பினர் காலம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.
* பழைய சிம்மைக் கைவிடும் முன், கணக்கில் எண்ணை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'கணக்கு முடங்கப் போகிறது, உடனே லாகின் செய்யுங்கள்' என்று வரும் மெயில் லிங்க்கைத் தொடாதீர்கள். டெவலப்பர் தள முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் பாருங்கள். ஆப்பிள் சப்போர்ட் என்று சொல்லிக்கொண்டு யார் கேட்டாலும் அந்த ஆறு இலக்க கோட்டைச் சொல்லவே கூடாது. ஆப்பிள் அதைக் கேட்பதில்லை; கேட்பவர் ஆப்பிள் இல்லை.