உங்களுக்குத் தெரியுமா? – துக்கம், குடி, தோட்டம்

● துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார். உறவைப் பறிகொடுத்தவர்களிடம் பேசி எழுதியதல்ல அது. தாங்களே சாகப்போவதை அறிந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. கருமாதி முடிந்தும் ஒருவருடைய துக்கம் அந்த வரிசையில் நகராவிட்டால் அவரிடம் ஒரு குறையும் இல்லை.

● 2016 மே 17. கேகாலை மாவட்டத்தில் ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகள். அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயம் புதைந்தது. அரநாயக்கவில் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. முகம் பார்க்காமல், பிடி மண் போடாமல் தேங்கும் இத்தகைய துக்கத்தை 1970களிலேயே ஆராயத் தொடங்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் போலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்தவர். ‘முடிந்தது முடிந்துபோச்சு, மறந்துவிடு’ என்று யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்பதே அவருடைய பல வருட அனுபவம்.

● ஆறு மாதம் தாண்டியும் ஒருவரை முடக்கிப் போட்டிருக்கும் கடுந்துக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குப் பேர் போடப் போகாமல், பிள்ளைகளுக்குச் சோறாக்க மனமில்லாமல் கிடப்பவரைச் சோம்பேறி என்று சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும்.

● தூக்கம் வரவில்லை என்று சாராயமோ கசிப்போ குடித்தால் கண் சீக்கிரம் சொருகும்; பின்னிரவில் விழிப்பு வந்துவிடும். விடிந்தால் மனம் இன்னும் கனக்கும். நாளாக ஆக, அதே தூக்கத்துக்கு அளவு கூடும். தோட்டத்தில் குடிதான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, அதற்கு முந்திய சாவு தெரிவதில்லை. இன்னொன்று: தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம்; உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் வாங்குவதற்கு முன், இரத்தினபுரி அல்லது கேகாலை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

● பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது. சில நாட்களிலேயே அப்போதைய ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிக்கும் பெண் ஒளிந்தே குடிக்கிறாள். உதவி கேட்கவும் கூசுகிறாள். புகையிலை சேர்த்த வெற்றிலையையோ யாரும் போதை என்று எண்ணுவதே இல்லை. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

● நோயாளியோடு தாதி வளர்த்துக்கொள்ளும் உறவே சிகிச்சையின் மையம் என்று 1952இல் நூல் எழுதியவர் ஹில்டெகார்ட் பெப்லோ. அவரும் தாதிதான், பிறகு பேராசிரியர். இலங்கையில் தாதியருக்கான பட்டப்படிப்பு 1994இல் திறந்த பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லயத்தில் பிறந்து தாதியான ஒரு பிள்ளை, தன் தோட்டத்து வாசற்படியில் உட்கார்ந்து, துக்கத்தையும் குடியையும் பற்றித் தமிழில் கேட்டு எழுதும் ஆய்வு நமக்கு அவசரமாகத் தேவை.

● 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2015இல் அது ஏறத்தாழ 14. கொடிய பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் படிப்படியாகத் தடை செய்ததே முக்கியக் காரணம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கே குற்றமும் அல்ல. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

● தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. இன்னொரு உதவி எண் 1333. இரண்டிலும் தமிழில் பேசலாம்.