நாக்கில் ஒட்டும் துணிச்சாயம்

ஆடித்தபசுத் திருவிழா நாளில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. இளையரசனேந்தல் போன்ற சுற்றுவட்டாரக் கரிசல் ஊர்களிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு சனம் வந்து சேரும். கோமதி அம்மனைக் கும்பிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் கண், கம்பில் தொங்கும் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயில்தான் போய் நிற்கும். தின்று முடித்ததும் சிவந்த நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் கேட்டாக வேண்டும்.

பஞ்சு மிட்டாய்க்கு ஏன் தடை?

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது ‘ரோடமின் பி’ என்ற வேதிப்பொருள் கலந்திருப்பது தெரியவந்தது. அங்கே தடை வந்தது. தமிழ்நாட்டிலும் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின, முடிவு அதேதான். பிப்ரவரி 17 அன்று ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்படுவதாகச் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். அடுத்த மாதம் கர்நாடகமும் பஞ்சு மிட்டாய், கோபி மஞ்சூரியன் இரண்டிலும் இந்தச் சாயத்தைத் தடை செய்தது.

ரோடமின் பி என்பது என்ன?

துணி, காகிதம், தோல் ஆகியவற்றுக்கு ஏற்றும் தொழிற்சாலைச் சாயம் இது. தண்ணீரில் எளிதில் கரையும். சிட்டிகை போதும், பளிச்சென்ற ரோஸ் நிறம் வந்துவிடும். விலையும் மலிவு. இதில் சத்து எதுவும் கிடையாது. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறமிகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆகவே, எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும் குற்றம்தான். மிளகாய்த்தூள், மிட்டாய் வகைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல்தோல் ஆகியவற்றிலும் இந்தக் கலப்படம் நடப்பதுண்டு.

உடலுக்குள் என்ன செய்கிறது?

உள்ளே போன சாயத்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வந்து சேர்கிறது. அதிக அளவில் போனால் வயிறும் குடலும் எரிச்சலடையும். சிறுநீர் ரோஸ் நிறமாகப் போகலாம். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. எலிகளின் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தியபோது, செலுத்திய இடத்தில் புற்றுக்கட்டிகள் தோன்றின.

மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தும் அளவுக்கு இன்னும் சான்று சேரவில்லை என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலை. அதனால் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. சந்தேகத்துக்குரிய ஒரு சாயத்தை, எந்தத் தேவையும் இல்லாமல், பிள்ளைகளின் உடம்பில் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்

60 கிலோ எடையுள்ள அப்பாவும் 15 கிலோ எடையுள்ள பிள்ளையும் ஆளுக்கொரு மிட்டாய் தின்றால், எடைக்கு எடை பார்க்கையில் பிள்ளையின் உடம்பில் சேரும் சாயம் நான்கு மடங்கு. ஒரு தடவை தின்றுவிட்டால் பதற வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, தடிப்பு, அரிப்பு தெரிந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மீதி மிட்டாய் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

* சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் சாயம் பூசியிருக்கிறார்கள்.
* ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் மிளகாய்த்தூளைத் தூவுங்கள். உடனே நிறம் கோடு கோடாகக் கீழிறங்கினால் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறது.
* பஞ்சு மிட்டாயில் எந்தச் சாயம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.
* பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டமும் நாமும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவு விற்பவருக்குச் சிறையும் அபராதமும் உண்டு. அந்த உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கம்பைத் தோளில் சுமந்து வரும் வியாபாரிக்குத் தான் கலப்பது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அவரிடமும் எடுத்துச் சொல்லுங்கள். நிறமில்லாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே இனிப்புதான்.

நம் பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மண் நிறத்துக்கு எந்தச் சாயமும் தேவைப்படவில்லை. அடுத்த திருவிழாவில் பிள்ளை கையை நீட்டும்போது, அந்தக் கையில் கடலை மிட்டாயையோ எள்ளுருண்டையையோ கொடுங்கள். ரோஸ் நிறத்தை நாம் கேட்பதை நிறுத்தினால், வியாபாரிகள் கலப்பதையும் நிறுத்துவார்கள்.