முகக்கவசம் – கிளியனூரிலிருந்து ஒரு பார்வை



கொரோனா என்றதும், "அதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன கட்டுரை?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அதைப் பெருந்தொற்று என்றது. 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்தது என்றும் சொல்லிவிட்டது. எல்லாம் சரிதான். நான் எழுத வந்தது நோயைப் பற்றி அல்ல. அந்த மூன்று வருஷத்தில் நம் முகத்தில் ஏறி இறங்கிய ஒரு சின்னத் துணியைப் பற்றி. மாட்டச் சொன்னார்கள், மாட்டினோம். கழற்றலாம் என்றார்கள், கழற்றினோம். அது எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் தெருவில் உட்கார்ந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

எங்கள் கிளியனூர் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், வானூர் தாலுகாவில் இருக்கிறது. பேருக்கு விழுப்புரம் மாவட்டம். ஆனால் கம்பெனி வேலை என்றால் சேதராப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜிப்மர், கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும் பாண்டியில்தான். (வேறொரு சாமானுக்காகவும் சிலர் போவார்கள், அதை இங்கே எழுத வேண்டியதில்லை!) 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு. 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144. 25 முதல் நாடு முழுவதும் அடைப்பு. பாண்டிச்சேரி எல்லையை மூடினார்கள். அது வேறு அரசாங்கம் என்பதே எங்கள் பக்கத்தில் பல பேருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நம்மில் பலர் அப்போது ஏழாவது, எட்டாவது. ஒன்பதாவது வரைக்கும் பரீட்சை இல்லாமலே பாஸ் என்றதும் நமக்குச் சந்தோஷம். வீட்டில் அரிசிப் பானையைப் பார்த்தவர்களுக்கு இல்லை.

முதல் ஒரு மாசம் ஊரில் மாஸ்க் கிடையாது. வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அம்மை வந்த வீட்டில் செய்வதுதான். நோய்க்கு நம்ம சனங்களிடம் இருந்த பழைய முறை அது. வெளியாள் உள்ளே வராமல் இருக்க வேப்பிலை ஒரு அடையாளம் என்று பார்த்தால், அதை முழுதாகச் சிரித்துத் தள்ளவும் முடியாது.

நிலைமை மாறியது கோயம்பேட்டால். ஏப்ரல் கடைசியில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவியது. மே 5 அன்று மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் நம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். கிடைத்த லாரியில் ஏறி ஊருக்கு வந்தார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது. அதுவரை டி.வி.யில் இருந்த நோய் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஆம்பளைகள் துண்டையும், பொம்பளைகள் முந்தானையையும் மூக்குக்கு ஏற்றினார்கள். தையல்காரர் ஜாக்கெட் லைனிங் துணியில் மாஸ்க் தைத்தார். அந்த ஆடிக்கு ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் வந்தது.

செப்டம்பரில் சட்டம் வந்தது. மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆனது. அதிலிருந்து எங்கள் ஊரில் மாஸ்க் என்பது ஹெல்மெட் மாதிரி. ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். வாசலில் உட்கார்ந்து பேசும்போது யாரும் போட்டதில்லை. கேட்டால், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் ஏன் போடணும்?" என்பார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். கொரோனாவில் இருமல், காய்ச்சல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒருவரிடமிருந்து கிருமி வெளியே வந்துவிடும். சிலருக்குக் கடைசி வரைக்கும் ஒன்றுமே தெரியாது. சும்மா பேசினாலே வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறக்கின்றன. அது வெளியே வரும்போது பெரிய துளி, சாதாரணத் துணியே ஓரளவு பிடித்துக்கொள்ளும். காற்றில் காய்ந்து சிறுத்த பிறகு எதிராளியின் துணி அதைப் பிடிப்பது கஷ்டம். ஆக, துணி மாஸ்க் போடுகிறவரைவிட எதிரே நிற்பவரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது. "எனக்கு ஒண்ணும் இல்லை" என்கிறவர் போட்டால்தான் வேலை நடக்கும். "உங்க வீட்டு ஆயாவுக்காகப் போடு" என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் 200 ரூபாய்க்கு வேலையே இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மாஸ்க் ஒரு சல்லடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஓட்டை சின்னதாக இருந்தால் தூசி நிற்கும், பெரிதாக இருந்தால் போய்விடும். அப்படியில்லை. அது குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நூல்களின் காடு. நம்ம ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர் வேகமாக வந்தால் வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் மோதும். பெரிய துகள் அப்படித்தான், காற்று நூலைச் சுற்றி வளையும்போது தான் வளைய முடியாமல் நூலில் மோதி ஒட்டிக்கொள்ளும். பாண்டியிலிருந்து 'முழு சந்தோஷத்தோடு' நடந்து திரும்புகிறவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துக்கொண்டே வருவார் இல்லையா? மிகச் சின்னத் துகள் அந்த ரகம். காற்று மூலக்கூறுகள் தள்ளித்தள்ளி அது தள்ளாடும். நாம் படித்த பிரவுனியன் இயக்கம் இதுதான். எப்படியும் ஒரு நூலில் முட்டிவிடும். தப்பிப்பது இரண்டுக்கும் நடுவே, வளைவில் ஒழுங்காகத் திரும்பும் சைக்கிள்காரர் மாதிரியான துகள். அதன் அளவு சுமார் 0.3 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என்95 என்பதில் 95 எதைக் குறிக்கிறது? பிடிக்கவே கஷ்டமான அந்த அளவில்கூட நூற்றுக்கு 95 துகளை நிறுத்த வேண்டும் என்பதைத்தான்.

அவ்வளவு மெல்லிய துணி எப்படி அதைச் சாதிக்கிறது? மின்னூட்டம்! பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்தோமே, அதேதான். பாலிபுரொப்பிலீனை உருக்கி, சூடான காற்றால் ஊதி மெல்லிய இழையாக்கி, அதில் நிலையான மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை செய்த பீட்டர் சாய் 1990-களில் இந்த முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அந்த முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? கொரோனா சார்ஜிங்! மின்னியல் துறை நண்பர்கள் உயர் அழுத்தக் கம்பிகளில் படிக்கும் அதே கொரோனா. கிரீடம் என்று அர்த்தமுள்ள ஒரே சொல் நோய்க்கும் பேர், நோயைத் தடுக்கும் துணி செய்யும் முறைக்கும் பேர்.

இது தெரியாததால் வந்த வினை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் என்95 வந்ததும் அம்மா அதை சோப்புப் போட்டுக் கும்மி, கொடியில் காயப் போட்டார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. சோப்பு பட்டதும் மின்னூட்டம் குறைந்துவிடும், அப்புறம் அது பெரும்பாலும் வெறும் துணிதான். பாக்கெட்டில் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை.

மாஸ்க் ஒன்றும் புதுசில்லை. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, பஞ்சும் வலைத்துணியும் வைத்த மாஸ்க்கைக் கட்டச் சொன்னார். அதை மறுத்து நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி சில நாட்களில் அதே நோயில் இறந்தார்.

2021 மே மாதம் இரண்டாம் அலை. மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

கடைசியாக, நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணம். வானூர் தாலுகாவில் திருவக்கரை பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. அப்பா ஒரு கிரஷரில் வேலை செய்கிறார். அங்கே பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதில் ஐந்து மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படிந்துவிடும். வருஷக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ். அதற்கு மருந்தில்லை. டி.பி. வரும் அபாயமும் கூடும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கண்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதைச் சேர்த்திருந்தார்கள். அப்படியும் கிரஷரில் என்றைக்கும் துண்டுதான். துண்டு பெரிய தூசியைத்தான் நிறுத்தும், கொல்லுகிற தூசியை விட்டுவிடும். கொரோனா சமயத்தில்தான் முதல்முறையாக அங்கே என்95 கொடுத்தார்கள். அபராதப் பயம் போனதும் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்க் மட்டும் போதாது என்பது நமக்குத் தெரியும். கல் உடையும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும், பெல்ட்டை மூட வேண்டும், அதற்குப் பிறகுதான் மாஸ்க். ஆனால் முதல் இரண்டும் முதலாளி கையில் இருக்கிறது. மூன்றாவதாவது நம் கையில் இருக்கட்டும் என்று திண்டிவனத்தில் வால்வு வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் வால்வு மாஸ்க் வேண்டாம் என்றது ஞாபகம் இருக்கலாம். விடும் மூச்சு வால்வு வழியே வடிகட்டாமல் வெளியே போகும், தொற்று நோய்க்கு அது ஆகாது. தூசிக்கு அந்தக் கவலை இல்லை. இழுக்கும் மூச்சு வடிகட்டப்பட்டால் போதும், வால்வு இருந்தால் உள்ளே சூடும் ஈரமும் குறையும். வாங்கும்போது ஐ.எஸ். 9473 என்ற முத்திரையைப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடி பனி பிடித்தால் மூக்கின் மேல் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், கம்பியை அழுத்த வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. நம் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் செய்கிறவர்களுக்கும் இதேதான்.

அப்பா காலையில் போடுகிறார். மதியம் ரெண்டு மணிக்கு மேல் வெயிலில் வேர்வை இறங்கி, மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொள்கிறதாம். கழற்றிப் பையில் வைத்துவிட்டு மறுபடியும் துண்டு. இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது யோசனை தோன்றினால் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள்.