செனுவாவின் காதில் விழும் குரல்கள்

ஸ்டீம் என்னும் இணையக் கடையில் ஆண்டுக்குச் சில முறை கணினி விளையாட்டுகளுக்குத் தள்ளுபடி விற்பனை நடக்கும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வருபவை பெரிய விற்பனைகள். விலை நம் வெள்ளிக் கணக்கிலேயே போட்டிருப்பதால் பிள்ளைகள் சேர்த்து வைத்த காசை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் குவியலில் வழக்கமாகத் தலைகாட்டும் ஒரு விளையாட்டு, ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ்’. 2017 ஆகஸ்ட் 8 அன்று 30 டாலர் விலையில் வந்தது. இப்போது தள்ளுபடிக் காலத்தில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அட்டையில் முகத்தில் நீலச்சாயம் பூசிய ஒரு பெண். வாள்சண்டை விளையாட்டு என்று நினைத்து வாங்குகிறவர்தான் அதிகம். சண்டை இருக்கிறது, ஆனால் விளையாட்டின் பொருள் சண்டை அல்ல, மனநோய்.

இதை ரந்தாவ், பகாவ், லிங்கி பக்கத்துத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஏன் விளக்க வேண்டும்? “யாரோ பேசுற மாதிரி கேக்குது” என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். முனியாண்டி கோயில் பூசாரி, எலுமிச்சம்பழம், தாயத்து, சில சமயம் பொமோ. நடப்பதையெல்லாம் சுற்றி நிற்பவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கேட்டது என்று யாரும் உட்கார்ந்து விசாரிப்பதில்லை. ஹெல்பிளேட் அந்தப் பிள்ளையின் இடத்தில் நம்மை உட்கார வைக்கிறது.

செனுவா எட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளைச் சேர்ந்த பிக்ட் இனப் போராளி. வடக்கிலிருந்து கடல் கடந்து வந்த கொள்ளையர் அவளுடைய காதலன் டிலியனைக் கொன்றுவிட்டார்கள். அவன் உயிரை மீட்க, அவன் தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரிகளின் பாதாள உலகத்துக்குப் போகிறாள். பாதாளம் உண்மையா, அவள் மனத்துக்குள் இருப்பதா என்று விளையாட்டு கடைசிவரை சொல்வதில்லை. அவளுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. நோயுற்றவருக்குத் தான் காண்பது அத்தனையும் உண்மைதான். “அதெல்லாம் ஒன்னுமில்லை, சும்மா இரு” என்று நாம் சொல்லும்போது அவர் ஏன் நம்மை நம்புவதில்லை என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது.

இதை உருவாக்கியது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நிஞ்சா தியரி நிறுவனம். வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 20 பேர்; பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கானோர் உழைப்பார்கள். வெல்கம் டிரஸ்ட் என்னும் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை உதவியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெட்சர் ஆலோசனை தந்தார். அதைவிட முக்கியமாக, குரல்கள் கேட்டு வாழ்ந்தவர்களையே அழைத்து உட்கார வைத்து, செய்ததைப் போட்டுக் காட்டி, “இப்படியா இருந்தது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். செனுவாவாக நடித்த மெலினா யுர்கன்ஸ் நடிகையே அல்ல, அந்த நிறுவனத்தில் காணொளி தொகுப்பவர். தற்காலிகமாக நிற்க வைத்தவரையே கடைசியில் நாயகியாக்கிவிட்டார்கள். 2018இல் விளையாட்டு வென்ற ஐந்து பிரிட்டிஷ் பாஃப்டா விருதுகளில் ஒன்று அவருடைய நடிப்புக்கு.

குரல்களைப் பதிவு செய்த விதம் தனி. மனிதத் தலையைப் போலவே இரண்டு காது வைத்த ஒலிவாங்கியைச் சுற்றி நடிகைகள் நடந்துகொண்டே பேசினார்கள். இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் ஒருத்தி இடது காதோரம் முணுமுணுப்பாள், இன்னொருத்தி பிடரிக்குப் பின்னால் சிரிப்பாள். “திரும்பிப் போ”, “உன்னால் முடியாது” என்று ஏளனம் செய்பவர்கள் சண்டை நடக்கும்போது “பின்னால் வருகிறான்” என்று எச்சரிக்கவும் செய்வார்கள். அரை மணியில் எரிச்சல் வரும், ஒரு மணியில் அவர்களில்லாமல் சண்டை போட முடியாத நிலை வரும். குரல் எப்போதும் பகையாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த இடம் மருத்துவக் கட்டுரைகளைவிட அதிகம் சொன்னது. பூட்டிய கதவுகளைத் திறக்க, மரக்கிளையிலும் நிழலிலும் எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொடர்பில்லாதவற்றில் தனக்கு மட்டும் செய்தி இருப்பதாகத் தோன்றுவதும் இந்த நோயின் குணம்தான்.

மருத்துவர்கள் இந்த நிலையை சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு நோயில் வரும். கடும் மனச்சோர்வு, போதைப்பொருள் போன்ற வேறு காரணங்களாலும் வரும். நாம் காண்பதில் பாதி மூளையின் ஊகம். விடியாத இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களுக்கு இது புரியும்: நிரைக்கு நடுவே ஆள் நிற்பதுபோல் இருக்கும், கிட்டே போனால் அடிக்கட்டை. கண் கொண்டுவந்த செய்தி ஊகத்தைத் திருத்திவிடுகிறது. சைக்கோசிஸில் இந்தத் திருத்தும் வேலை தடுமாறுகிறது, ஊகம் அப்படியே உண்மையாக நின்றுவிடுகிறது என்பது ஃபிளெட்சர் போன்றோரின் விளக்கம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மனச்சிதைவு ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படியென்றால் ஒரு பெரிய தோட்டத்தின் லயங்களில் எப்போதும் ஒருவராவது இருந்திருப்பார். தோட்டத்து டிரெசரிடம் மலேரியாவுக்கு மருந்து இருந்தது, இதற்கு இல்லை. வெளியே அனுப்பினால் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை, அல்லது ஜொகூரின் தம்போய். திரும்பி வந்தவருக்கு ஊர் வைத்த பெயர் சாகும்வரை போகாது. குடும்பங்கள் பூசாரியிடம் போனதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். பூசாரி பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி எனக்கு விளையாடும்போதே எழுந்தது. செனுவாவின் குரல்கள் வெள்ளைக்காரக் குரல்கள். நம்மவருக்கும் இப்படித்தான் கேட்குமா?

இதற்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் டான்யா லூர்மன், கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் நோயாளிகளிடம், ஓர் இடத்துக்கு 20 பேர் என்ற கணக்கில் பேசினார். சென்னையில் அவருடன் சேர்ந்து வேலை செய்தது, மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் மிரட்டலைக் கேட்டார்கள், வன்முறையைத் தூண்டும் கட்டளைகளைக் கேட்டார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை, அதை எடுத்து வை என்று வீட்டு வேலை ஏவும் குரல். திட்டும், புத்தியும் சொல்லும். 2015இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஆக, ஹெல்பிளேடை நம்முடைய அனுபவத்தின் முழுப்படம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வீட்டுச் செனுவாவுக்கு மாமியார் பேசலாம், செத்துப்போன பாட்டி பேசலாம். அதையும் விளையாட்டாக்க முடியும். டொராண்டோவில் ஒரு சிறு குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்தே பாஃப்டா விருது வாங்கியது. தமிழ் வீடு விளையாட்டுக்குள் வந்தாயிற்று. தோட்டத்து வீடும், அதற்குள் ஒரு நோயும் இன்னும் வரவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இந்த விளையாட்டு நமக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறது. செனுவாவின் அப்பா சின்பெல் ஒரு வகைப் பூசாரி. அவளுக்கு இருப்பது நோயல்ல, சாபம் என்கிறார், ஊரை விட்டு ஒதுக்கி வீட்டுக்குள் அடைக்கிறார். அவள் தாய்க்கும் இதே குரல்கள் கேட்டன. தாயின் முடிவை விளையாடிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். குரல்களைவிட அந்த அடைப்புத்தான் செனுவாவை உடைத்தது. நமக்கு ஏர்வாடி நினைவுக்கு வரவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்று சொல்லிக்கொண்ட கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

கோயிலே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2002இல் எழுதினார்கள். நோய்க்குறிகளின் அளவு சராசரியாக 20 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்திருந்தது. அங்கே தனிச் சடங்கு ஏதும் இல்லை. கூடவே ஒரு சொந்தக்காரர் இருந்தார், கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று செய்ய வேலை இருந்தது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே சாமி கும்பிடுகிற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்தை நிறுத்தச் சொல்லும் பூசாரியைத்தான் சொல்வேன்.

விளையாட்டிலும் குறை உண்டு. தோற்கும்போது செனுவாவின் கையில் ஒரு கருப்பு அழுகல் ஏறும். அது தலையை எட்டினால் விளையாடியது அத்தனையும் அழிந்துவிடும் என்று முதலிலேயே பயமுறுத்துவார்கள். அது வெறும் மிரட்டல், அப்படி அழியாது. அவளுடைய பதற்றத்தை நமக்கும் ஏற்ற அப்படிச் செய்தார்களாம். எனக்கு அது மலிவான தந்திரமாகவே பட்டது. வாளும் இரத்தமும் நிறைந்திருப்பதால், மனநோயாளி என்றாலே வெட்டுகிறவர் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. உண்மையில் இந்த நோயாளிகள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம்.

இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சாதாரணக் கைப்பேசியில் ஓடாது, ஓரளவு நல்ல கணினியோ கன்சோலோ வேண்டும். தமிழ் இல்லை. முடிக்க ஏழெட்டு மணி நேரம் போதும். குரல் கேட்கிறவர், அண்மையில் தற்கொலை எண்ணம் வந்தவர் இதைத் தொட வேண்டாம். தொடக்கத்தில் விளையாட்டே எச்சரிக்கிறது. விளையாட வேண்டியவர் அவருடைய அண்ணன், அக்கா, அப்பா. முதல் ஒரு மணி நேரம் இயர்போனோடு உட்கார்ந்தால் போதும். பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமலிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால் முதலில் போகவேண்டியது அருகிலுள்ள அரசு கிளினிக் கெசிஹாத்தான். மலேசியர்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கே தரும் கடிதத்தோடு சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. பல நாள் தூங்காமல் கட்டுக்கடங்காமல் இருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடலாம். தற்கொலைக்கு முயன்றவரைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பேசினாலே போதும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை.

டாக்டரிடம் போகும்போது சில விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தூக்கம் எப்போது கெட்டது, தனியாகப் பேசுவது எப்போது தொடங்கியது, குரல் யாருடையது, அது என்ன செய்யச் சொல்கிறது. சம்சு, கஞ்சா, சியாபு பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். தினம் மாத்திரை போட மறுப்பவருக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. அதைப் பற்றி நீங்களே டாக்டரிடம் கேட்கலாம்.